பனை ஓலைப் பெட்டி முடைந்து சம்பாதிக்க: புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பனங்காட்டை ஒட்டிய எந்த ஊருக்குப் போனாலும் பெட்டி முடையத் தெரிந்த ஆச்சி ஒருவராவது இருப்பார். கடகம், சுளகு, நார்ப்பெட்டி, கருப்பட்டிக் கொட்டான் என்று ஒரு காலத்தில் வீடு முழுக்கப் புழங்கியவை பிளாஸ்டிக் கூடை வந்ததும் பரணுக்குப் போய்விட்டன. இப்போது அந்தப் பெட்டிகளைத் தேடி மறுபடியும் ஆள் வருகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு பலகாரக் கடைகளும் இயற்கை அங்காடிகளும் கல்யாண வீட்டுக்காரர்களும் ஓலைக் கொட்டான், அதாவது சிறு ஓலைப்பெட்டி, கேட்கிறார்கள்.

கேட்பதற்கு ஆள் இருந்தும் பெண்கள் கையில் பணம் நிற்பதில்லை. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஓலையைச் சரியாகப் பார்த்து வாங்கிப் பதப்படுத்தாததால் பாதிப் பெட்டி கழிவாகிறது. மீதிப் பெட்டிக்குத் தன் கூலியைச் சேர்க்காமல் விலை சொல்லிவிடுகிறார்கள். பின்னல் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும், அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ஓலை வாங்குவது

பெட்டிக்கு வேண்டியது குருத்தோலை, அதாவது மரத்தின் நடுவில் இன்னும் விரியாமல் விசிறி மடக்கினாற்போல் நிற்கும் இளம் ஓலை. காய்ந்ததும் அது வெண்மையாக, தந்த நிறத்துக்கு வரும், நன்றாக வளையும். விரிந்து பச்சையாகி முற்றிய சாரோலை முரட்டுத்தனமாக இருக்கும். கூரைக்கும் முரட்டுப் பாய்க்கும் கடகத்துக்கும் அது சரி. கைக்கு அடக்கமான சிறு பெட்டிக்கு ஒத்துவராது.

குருத்து வெட்டப் பனையேறியின் தயவு வேண்டும். ஆள் உயரத்தில் நிற்கும் வடலியாக, அதாவது இளம் பனையாக இருந்தால் கீழே நின்றே அரிவாளால் எடுத்துவிடலாம். இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரு பனை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு குருத்துதான் விடும். ஒரே மரத்தில் அடுத்தடுத்து குருத்தை எடுத்தால் மரம் நலிந்துவிடும். ஒரு மரத்தில் ஒரு குருத்து எடுத்தால், அப்புறம் சில மாதம் அந்த மரத்தைத் தொடாமல் விடுங்கள். வெட்டுகிறவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டிச் சாய்க்க வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. நம் தொழிலே அந்த மரத்தை நம்பித்தான் இருக்கிறது, அதனால் ஊரில் நிற்கும் பனைக்கு நாமும்தான் காவல்.

வாங்கும்போது குருத்தின் அடிப்பகுதியைப் பிரித்துப் பாருங்கள். புழு துளைத்த ஓட்டை வரிசையாக இருந்தால் அந்தக் குருத்து வேண்டாம், ஓலை விரிந்ததும் எல்லா இதழிலும் அதே இடத்தில் ஓட்டை இருக்கும். ஒரு குருத்தில் அறுபதிலிருந்து எண்பது இதழ் வரை வரும். நடு இதழ்கள் நீளமாகவும் ஓரத்து இதழ்கள் குட்டையாகவும் இருக்கும். நீளமானவை பெட்டிக்கும் குட்டையானவை கிலுகிலுப்பை, பூ, சிறு கொட்டான் போன்றவற்றுக்கும் ஆகும். இதழின் நடு நரம்பாக ஓடும் ஈர்க்கை உருவியெடுத்தபின் அதையும் எறிய வேண்டாம். துடைப்பமாகக் கட்டலாம், பெட்டி விளிம்புக்குள் வைத்துத் தைக்கலாம்.

விலை ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். திருக்கார்த்திகையை ஒட்டி ஓலைக் கொழுக்கட்டைக்காகத் தென்மாவட்டங்களில் குருத்தோலைக்குக் கிராக்கி ஏறும். அதற்கு முன்னமே தேவையான ஓலையை வாங்கிக் காயவைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓலை காயவும் செய்யாது. கோடையில் சேர்த்து வைத்த ஓலைதான் மழைக்காலத்தில் வேலை கொடுக்கும்.

காயவைப்பது, ஈர்க்கு எடுப்பது, வார்வது

குருத்தை விரித்து, இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்து, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப் போடுங்கள். சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன்னால் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். ஈரம் பட்டால் கறுப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளி கழுவினாலும் போகாது, சாயம் போட்டாலும் திட்டாகத் தெரியும். மண் தரையில் நேராகப் போடாமல் பழைய சேலையோ பாயோ விரித்து அதன்மேல் போடுங்கள்.

காய்ந்த இதழின் நடுவில் ஈர்க்கு ஓடும். கத்தி முனையால் அடியில் கீறி, ஈர்க்கைப் பிடித்து இழுத்தால் இதழ் இரண்டு பட்டையாகப் பிரியும். இந்தப் பட்டைகளை ஒரே அகலத்துக்கு வார்ந்தெடுப்பதில்தான் பெட்டியின் அழகு முழுக்க இருக்கிறது. ஒரு சிறு மரத்துண்டில் இரண்டு பிளேடுகளை வேண்டிய இடைவெளியில் பதித்து, அதன் நடுவே ஓலையை இழுத்தால் எல்லாப் பட்டையும் ஒரே அளவில் வரும். ஊர்த் தச்சரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார். ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று, அரை சென்டிமீட்டருக்கு ஒன்று என்று இரண்டு செய்துகொண்டால் போதும்.

உடன்குடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் பட்டையை வார்ந்து முடித்ததும் கட்டை விரல் நகத்தால் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை நீவுவார். நீவும்போது சுருண்டு வளைந்து கொடுத்தால் எடுத்து வைப்பார், விறைப்பாக நின்றால் ஈரத்துணிக்குள் சொருகிவிடுவார். “ஓலை நெகத்துக்கு அடங்கணும் தாயி, அப்பதான் மூலைக்கு அடங்கும்” என்பார். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த நகச் சோதனையை ஒவ்வொரு பட்டைக்கும் செய்யுங்கள். விறைத்த ஓலை மூலை திருப்பும்போது ஒடியும், அப்போது பெட்டி முழுவதையும் பிரிக்க வேண்டி வரும்.

முடைவதற்கு முன் பட்டைகள் மேல் தண்ணீர் தெளித்து, நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி அரை மணி நேரம் வைத்தால் போதும். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். ஊறிய ஓலை காயும்போது சுருங்கி, நெருக்கமாக முடைந்த இடமெல்லாம் கண் கண்ணாக விட்டுவிடும்.

சாயம்

எல்லாப் பெட்டிக்கும் சாயம் வேண்டியதில்லை. தின்பண்டம் படும் பெட்டிக்குச் சாயம் போடவே கூடாது என்பது என் கருத்து. பலகாரம், கருப்பட்டி, பிரசாதம் வைக்கும் கொட்டான் வெள்ளை ஓலையிலேயே இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்கு யாரும் வண்ணம் பூசுவதில்லை. நிறம் கேட்டால் வெளிப்புறத்திலோ மூடி மேலோ இரண்டு வண்ணப் பட்டை ஓட்டினால் போதும்.

அலங்காரப் பெட்டிக்குச் சாயம் ஏற்ற, பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சாயப் பொடியைத் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். பட்டைகளைத் தளர்வாகக் கட்டி உள்ளே போட்டு அவ்வப்போது புரட்ட வேண்டும். கால் மணி நேரத்தில் நிறம் பிடிக்கும். எடுத்து, கழுவும் தண்ணீர் தெளியும் வரை அலசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் நிறம் மங்கும். காய்ந்த பட்டையை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் பட்டுச்சேலையில் ஒட்டிக்கொண்டு ஆர்டரே போய்விடும். சாயத்துக்கென்று ஒதுக்கிய பாத்திரத்தில் மறுபடி சமைக்காதீர்கள். சாயத் தண்ணீரைக் கிணற்றடியிலோ குளத்திலோ ஊற்ற வேண்டாம்.

முதல் பெட்டி

முதலில் ஒரே அளவு, ஒரே வகை. அது கண்ணை மூடிக்கொண்டு வரும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். நான் சிபாரிசு செய்வது மூடி போட்ட சின்னச் சதுரப் பெட்டி. தாம்பூலத்துக்கும் ஆகும், கால் கிலோ பலகாரத்துக்கும் ஆகும், வருடம் முழுக்க விற்கும்.

ஒரு சென்டிமீட்டர் அகலம், அறுபது சென்டிமீட்டர் நீளத்தில் 24 பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டை நெடுக்காகப் பக்கம் பக்கமாகப் பரப்பி, நடுவில் ஒரு கட்டையோ கல்லோ வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற பன்னிரண்டையும் குறுக்காக ஒன்று விட்டு ஒன்று ஏற்றி இறக்கிப் பின்னுங்கள். பின்னல் பட்டைகளின் நடுப்பகுதியில் வர வேண்டும், நாலு பக்கமும் ஒரே நீளம் மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு பட்டையையும் நுழைத்ததும் விரலால் தட்டி நெருக்குங்கள். முடித்ததும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே இன்னும் நெருக்க வேண்டும்.

இப்போது கையில் ஒரு சதுரம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். சதுரத்தின் மூலை பெட்டியின் மூலையாக வராது. ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளிதான் பெட்டியின் மூலையாக மாறும். அதற்காகத்தான் பட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்க வேண்டும் என்கிறோம். ஒரு பக்கத்துப் பன்னிரண்டு பட்டையை ஆறு, ஆறாகப் பிரியுங்கள். நடுவில் இருக்கும் ஆறாவதையும் ஏழாவதையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டு இறுக்கினால் அந்த இடம் தானாக மேலே எழும்பும். அதுதான் மூலை. அப்படியே இடப்பக்கத்து ஆறையும் வலப்பக்கத்து ஆறையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டே போங்கள். மூலை அவிழாமல் இருக்கத் துணிக்குக் குத்தும் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். நாலு மூலையும் எழுந்துவிட்டால் பட்டைகள் சாய்வாக மேலேறும், சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டியதுதான் பாக்கி. அடி ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர் சதுரமாக அமையும்.

ஏழு சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நிறுத்துங்கள். வாய் மடிக்கும் வேலை இது. ஒவ்வொரு பட்டையையும் விளிம்பில் வெளிப்பக்கமாக மடித்து, கீழே ஏற்கனவே இருக்கும் பின்னலின் வழியிலேயே நுழைத்துக் கொண்டு போனால் சுவர் இரட்டையாகும். பெட்டிக்குப் பலம் இதில்தான் வருகிறது. சோம்பல்பட்டு இரண்டு பின்னல் மட்டும் நுழைத்துவிட்டு மீதியை வெட்டிவிட்டால் ஒரே மாதத்தில் வாய் பிரிந்துவிடும். மடிக்கும் இடத்தில் ஓலையை மறுபடி ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். நுழைக்கச் சிரமமாக இருந்தால் முனை மழுங்கிய கோணி ஊசியால் வழி திறந்துகொள்ளலாம்.

மூடிக்கும் இதே எண்ணிக்கை, இதே முறைதான். பட்டை மட்டும் ஒரு தையல் நூலின் தடிமன் அளவு அகலம் கூடுதலாக இருக்கட்டும், உயரம் பாதி போதும். அப்போதுதான் மூடி பெட்டிமேல் வழுக்கிக்கொண்டு இறங்கும், தூக்கினால் பெட்டியும் கூடவே வராது.

பெரிய கடகத்துக்கும் நார்ப்பெட்டிக்கும் வேறு உழைப்பு வேண்டும். விளிம்பில் ஈர்க்கோ மட்டையில் கிழித்த நாரோ வைத்துப் பொத்த, அதாவது தைத்து இறுக்க வேண்டும். பொத்துவதற்கு நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, சீவி மெலிசாக்கிக் கொள்வார்கள். அது அடுத்த கட்டம், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தே முடைவதால் இடுப்பும் கழுத்தும் பிடிக்கும். முதுகைச் சுவரில் சாய்த்து, மடியில் பலகை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஓலையின் ஓரம் விரலைக் கிழிக்கும். சுட்டு விரலில் துணி நாடா சுற்றிக்கொண்டால் நல்லது.

விலை போடுவது

இதை முழுசாகப் படியுங்கள். ஓலை சும்மா கிடைத்தது, வீட்டு வேலைக்கு நடுவே முடைந்தது என்று நினைத்து வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுக்கிற பழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் அது உழைப்புதான்.

கூலிக்கு ஒரு அடிக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலையில் 2025–26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டின் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். உங்கள் கைத்திறனுக்கு இதற்குக் கீழே போகவே கூடாது.

இனி ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். முடைந்த நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். ஓலை பிரித்தது, காயவைத்து எடுத்தது, வார்ந்தது, வாய் மடித்தது எல்லாம் சேர வேண்டும். பத்துப் பெட்டிக்கான ஓலையை ஒன்றாகத் தயார் செய்து, ஆன மொத்த நேரத்தைப் பத்தால் வகுத்தால் சரியாக வரும். உதாரணத்துக்கு மூடியோடு ஒரு பெட்டிக்கு இரண்டரை மணி நேரம் என்று வைப்போம். கூலி 105 ரூபாய். ஓலைக்கு 20, சாயமும் நாரும் 6, பஸ் கட்டணமும் பொதியும் பங்குக்கு 8 என்று வைத்தால் மொத்தம் 139. ஒடிந்தது, புள்ளி விழுந்தது, அளவு தவறியது என்று பத்தில் ஒன்றாவது கழியும். அதற்கு 14 ரூபாய் சேர்த்தால் 153. மொத்தமாக வாங்கும் கடைக்காரருக்கு இதற்குக் கீழே சொல்லாதீர்கள். நேரடியாக ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு வாங்கினால் 220, 230 கேட்கலாம். சந்தைக்குப் போன நாள், மாதிரி காட்டிய நாள், பேசிய நேரம் எல்லாம் அந்தக் கூடுதல் பணத்தில்தான் அடங்கும்.

“இவ்வளவா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். விலையைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் பெட்டியின் அளவைக் குறையுங்கள், ஒற்றைச் சுவரில் மூடி இல்லாத கொட்டானாகக் கொடுங்கள். கூலியில் கை வைக்காதீர்கள். கை பழகப் பழக இரண்டரை மணி நேரம் ஒன்றரையாகும். அந்த மிச்சம் உங்களுடையது, அதை உடனே விலையில் இறக்கிவிட வேண்டியதில்லை.

எங்கே விற்பது

பக்கத்து ஊர் பலகாரக் கடையில் தொடங்குங்கள். கருப்பட்டி மிட்டாய், அதிரசம், முறுக்கு விற்கும் கடைகளுக்கு மூன்று மாதிரிப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கருப்பட்டி வியாபாரிகளையும் பாருங்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு (அந்தப் பெயர் அந்தப் பகுதிப் பொருளுக்கே உரியது என்ற அரசுப் பதிவு) கிடைத்த பிறகு, அதைப் பரிசாக வாங்கிப் போகிறவர்கள் நல்ல பெட்டியில் கேட்கிறார்கள். புதுமணத் தம்பதிக்குப் பொங்கல் படி கொடுக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் மார்கழி மாதமே சீர்ப்பெட்டிக்கு ஆர்டர் பிடித்துவிடலாம்.

கல்யாண ஆர்டர் பெரிசு, ஆனால் அதில் எச்சரிக்கை வேண்டும். முந்நூறு பெட்டி என்றால் நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒருவர் கையால் ஆகாது. பாதி முன்பணம் வாங்காமல் ஓலை வாங்க வேண்டாம். ஒரு மாதிரிப் பெட்டியை அவர்களிடம் கொடுத்து, அதே அளவு, அதே நிறம் என்று ஒப்புக்கொண்டதை எழுதி வாங்குங்கள்.

இந்தத் தொழில் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்து மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து ஓலைப் பொருள்களை வெளிநாடு வரை அனுப்பியிருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீட்டு ஆச்சிமார் விசேஷங்களுக்காக முடைந்துவந்த கொட்டான் கிட்டத்தட்ட மறைந்துபோன நிலையில், விசாலாட்சி ராமசாமி தொடங்கிய அறக்கட்டளை சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதனால் வேறு பகுதியில் முடைந்த பெட்டிக்கு அந்தப் பெயரை ஒட்டி விற்காதீர்கள், அது சட்டப்படி தவறு. உங்கள் ஊர்ப் பெயரையே போடுங்கள்.

போனில் படம் போட்டு விற்பதானால் காலை வெயிலில், வெள்ளைத் துணிமேல் வைத்து எடுங்கள். பக்கத்தில் ஒரு தேங்காயை வைத்தால் அளவு புரியும். நீளம், அகலம், உயரத்தை எழுதாமல் படம் மட்டும் போட்டால் பெரிய பெட்டி என்று நினைத்து வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

பயிற்சி, அட்டை, கடன்

ஊரில் ஆச்சி இல்லையென்றால் மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் கேளுங்கள். பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு. கைவினைப் பயிற்சி எப்போது என்று முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்க வேண்டும்.

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு கொடுக்கும் ‘பெஹசான்’ கைவினைஞர் அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள். கண்காட்சியில் கடை போடவும் திட்டங்களில் சேரவும் அது உதவும். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. அதன் 25 தொழில்களில் கூடை முடைவதும் உண்டு. 35 வயது நிறைந்தவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும், ஐந்து சதவீதம் வரை வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். வயது அதற்குக் குறைவென்றால் மகளிர் சுய உதவிக் குழுக் கடன்தான் நல்ல வழி. ஆனால் ஒன்று, தொடங்கும் அன்றே கடன் வாங்காதீர்கள். கத்தி, பிளேடு, ஊசி, கொஞ்சம் ஓலை, இதற்குமேல் இந்தத் தொழிலுக்கு முதல் தேவைப்படாது. மாதாமாதம் ஆர்டர் வந்து, ஓலை மொத்தமாக வாங்கிச் சேர்க்கவும் காற்றோட்டமான ஒரு கொட்டகை போடவும் அவசியம் வரும்போது கடனை யோசிக்கலாம்.

சேர்ந்து செய்யும்போது

ஐந்தாறு பெண்கள் சேர்ந்தால் வேலையைப் பிரிப்பது சுலபம். ஒருத்தி ஓலை வார, இரண்டு பேர் அடி போட, மற்றவர்கள் சுவர் ஏற்றி வாய் மடிக்கலாம். அடி போடுவது எளிது, வாய் மடிப்பது நேரம் பிடிக்கும். அதனால் எல்லாருக்கும் பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கில் பிரித்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். ஒவ்வொரு வேலைக்கும் நேரம் பார்த்துத் தனிக் கூலி நிர்ணயித்து, எல்லார் முன்னாலும் நோட்டில் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் மூலை, வாய், மூடி மூன்றையும் பார்த்து எடுத்து வைக்க ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். வாரா வாரம் ஆளை மாற்றினால் எல்லாருக்கும் கண் பழகும்.

முடிந்த பெட்டிகளை ஒரு பகல் வெயிலில் வைத்து எடுத்து, ஆறியதும் அட்டைப் பெட்டியில் காய்ந்த வேப்பிலை போட்டு அடுக்குங்கள். தரையில் வைத்தால் கரையான் ஏறும், பலகைமேல் வைக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்: தண்ணீரில் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தவும், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வெயில் காட்டவும்.